ஏலப் பறையும் சீதன வளவும்: மட்டக்களப்பு வாவிக்கரையில் ஈட்டுக் கடனும் வீடிழப்பும்

கிழக்கிலங்கையின் வரலாற்றை எழுத முற்பட்டோர் பெரும்பாலும் கல்வெட்டு, கோயிற் சாசனம், குலமரபுப் பாடல், ஒல்லாந்த அதிகாரிகளின் நினைவுக் குறிப்பு என்பவற்றையே முதன்மைச் சான்றுகளாகக் கொண்டனர். ஆட்சியுரிமை, கோயிலுரிமை, குடிவழமை என்பன பற்றி அறிய இவை பெரிதும் உதவுவன. ஆயின் ஒரு சாதாரணக் குடும்பம் தன் வீட்டையும் வளவையும் எவ்வாறு பெற்றது, எவ்வாறு காத்தது, எவ்வாறு இழந்தது என்ற வினாவுக்கு இவற்றில் விடை தேடுவது வீண். அவ்விடை அரசாங்க வர்த்தமானியின் சிற்றெழுத்துப் பக்கங்களிலும், நாளிதழ்களின் ஏல அறிவித்தல்களிலும், காணிப் பதிவகத்தின் தடித்த ஏடுகளிலுமே கிடக்கின்றது. இச்சான்றுகளை மட்டக்களப்பு வாவிக்கரை தொடர்பாக எவ்வாறு படிக்க வேண்டும், அவற்றை மட்டும் நம்பினால் எது நம் கண்ணுக்குத் தப்பும் என்பன பற்றிச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாவியின் இரு கரைகளையும் முதலில் மனத்திற் கொள்ள வேண்டும். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரை குடியிருப்புகள் செறிந்த மணற்றரை. கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி முதலான ஊர்கள் அங்கே தோளோடு தோள் நிற்கின்றன. வாவிக்கு மேற்கே பரந்த படுவான்கரை வயல்நிலம். கொக்கட்டிச்சோலை, பழுகாமம், வெல்லாவெளி போன்ற பழைய ஊர்களும் அங்குண்டெனினும், எழுவான்கரையில் வீடும் படுவான்கரையில் வயலுமாக வாழ்ந்த குடும்பங்கள் பல. ஆகவே ஒரே குடும்பத்திடம் இருவகைச் சொத்து இருந்தது. வயல் கடனுக்குக் காரணமாயிற்று. வீடோ பல வேளைகளில் அக்கடனுக்குப் பிணையாயிற்று. விதைநெல், கூலி, எருமைப்பிடி என்பவற்றுக்காகப் போடியாரிடமும் கடைக்காரரிடமும் பெற்ற முற்பணத்தை முன்மாரி அறுவடையில் தீர்ப்பதே வழக்கம். மார்கழி வெள்ளம் வேளாண்மையை அழித்துவிடும் ஆண்டில் அக்கடன் அடுத்த ஆண்டின் வட்டியோடு சேரும். 1957ஆம் ஆண்டு மார்கழி வெள்ளத்தை அறிந்த முதியோர் இதனை நன்கறிவர்.

இப்பிரதேசத்தின் தனித்துவம் கடனில் இல்லை. வீடு யாருடையது என்பதில் உள்ளது. முக்குவர் சட்டம் எனப்பட்ட வழமையின்படி முதுசொம் தாய்வழியே சென்றது. ஆண் ஒருவனின் முதுசொத்துக்கு அவனுடைய பிள்ளைகளன்றிச் சகோதரியின் பிள்ளைகளே உரியராயினர். இவ்வழமையைக் கிறிஸ்தோப்பர் பிரித்தோ 1876ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். (யாழ்ப்பாண வைபவமாலையை ஆங்கிலத்திற் பெயர்த்தவரும் அவரே.) விதியின் விளையாட்டென்று சொல்லத்தக்கவாறு, அதே 1876ஆம் ஆண்டிலேயே மணவுரிமை, மரபுரிமை பற்றிய 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நிறைவேறி, அவ்வழமையை நீதிமன்றங்களிற் செயலிழக்கச் செய்தது. வழமை நூலாகிய ஆண்டே அதன் சட்ட வலிமை முடிந்த ஆண்டுமாயிற்று.

எனினும் சமூகம் சட்டத்தின் பின்னே உடனே ஓடிவிடவில்லை. தாய்வழி உரிமை வேறொரு வாயிலால் உள்ளே வந்தது. அதுதான் சீதன உறுதி. மட்டக்களப்பிலும் அக்கரைப்பற்றுப் பகுதியிலும் வீடு பெண்ணுக்கே எழுதப்படும். மணமகன் அவ்வீட்டிற்கு வந்து வாழ்வான். மூத்த மகளுக்குத் தாம் இருந்த வீட்டையே கொடுத்துவிட்டுப் பெற்றோர் பக்கத்து வளவிற் புதுவீடு கட்டிக்கொண்டு செல்வர். அடுத்த மகள் மணமுடிக்கும்போது அதுவும் அவளுக்காகும். இவ்வாறு தாயின் வளவைச் சுற்றிச் சகோதரிகளின் வீடுகள் ஒரு கொத்தாக எழுந்தன. இவ்வழக்கம் தமிழரிடத்து மட்டுமன்றி முஸ்லிம் மக்களிடத்தும் வேரூன்றியிருப்பதை மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே தம் ஆய்வுகளில் விரிவாகக் காட்டியுள்ளார்.

இந்தப் பின்னணியில் ஓர் ஏல அறிவித்தலை வாசிக்கும்போது அதன் பொருள் மாறிவிடுகின்றது. அறிவித்தல்களின் நடை எங்கும் ஒன்றே: இன்ன குறிச்சியில் உள்ள, இன்ன பெயருடைய வளவு, வடக்கே இன்னாரின் வளவு, கிழக்கே ஒழுங்கை, தெற்கே இன்னாரின் வளவு, மேற்கே வாவி, இவ்வெல்லைக்குட்பட்ட வீடு, கிணறு, தென்னைகள் உட்பட. கொழும்பிலிருந்து இதை வாசிப்பவனுக்கு இது ஒரு துண்டு நிலம். வாவிக்கரையானுக்கோ வடக்கெல்லையிலும் தெற்கெல்லையிலும் உள்ள பெயர்கள் தமக்கையும் தங்கையும் ஆதல் கூடும். நடு வீடு ஏலத்திற் போனால் அக்கொத்தின் நடுவே ஓர் அந்நியர் குடிவருகின்றார். இளைய மகளின் திருமணப் பேச்சும் அத்துடன் நின்றுவிடுகின்றது. வீடின்றிச் சம்பந்தம் பேசுவது இப்பகுதியில் எத்துணை அரிது என்பதை இங்குள்ளோர்க்கு விளக்க வேண்டியதில்லை.

கடன் பத்திரத்தில் யார் கையொப்பமிட்டார் என்ற வினா இனி எழுகின்றது. கணவன் தன் பெயரில் வாங்கிய கடனுக்கு மனைவியின் சீதன வீட்டை நீதிமன்றம் கைப்பற்ற இயலாது. அவள் அதை ஈடுவைத்திருந்தாலன்றி அவ்வீடு கடனீந்தவர் கைக்கு எட்டாது. எனவே சீதன உறுதி, நாம் பொதுவாகக் கண்டிக்கும் ஒரு வழக்கத்தின் சின்னமாயினும், வீட்டுக்கு ஒரு கவசமாகவும் விளங்கியது என்பது என் கருத்து. 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் மனைவியின் அசையாச் சொத்தை அவளுடைய தனிச்சொத்தாக ஏற்றது. ஆயினும் அதனைப் பராதீனப்படுத்தக் கணவனின் எழுத்துமூலச் சம்மதத்தை வேண்டியது. 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க, மணமான பெண்களின் சொத்துக் கட்டளைச் சட்டம் இத்தடையை நீக்கிற்று. அதன்பின் மட்டக்களப்புப் பெண் தன் வீட்டைத் தானே விற்கவும் ஈடுவைக்கவும் முடிந்தது. தேசவழமைக்குட்பட்ட யாழ்ப்பாணப் பெண்ணோ 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் கணவனின் சம்மதத்தையே தொடர்ந்து நாட வேண்டியவளாயிருந்தாள். உரிமை என்ற நோக்கிற் பார்த்தால் கிழக்கின் நிலை மேலானது. ஆனால் கணவனின் வயற்கடனுக்காக மனைவி நொத்தாரிசின் மேசை முன் அழைத்துச் செல்லப்படும்போது, அவ்வுரிமையே அவளுடைய வீட்டின் கதவைத் திறந்துவிடும் திறவுகோலும் ஆயிற்று. யாழ்ப்பாணத்துக்கு இன்னுமொரு வசதி இருந்தது. அங்கே காணியொன்றை ஒருவர் தாமாக விற்க முற்பட்டால், பங்காளர் முதலியோர் முதலில் வாங்கும் உரிமையைத் தேசவழமை அளித்தது. மட்டக்களப்பில் அத்தகைய சட்டவுரிமை இல்லை. இனத்தாரின் நல்லெண்ணமே இருந்தது.

கடனுக்குக் காணியைப் பிணைப்பதில் மூன்று முறைகள் வழங்கின. ஈடு என்பது காணி கடனாளியிடமே இருக்க, உறுதிவழியே அதன்மீது கடனீந்தவர்க்கு உரிமை பிறப்பது. ஒற்றி என்பது காணியின் அனுபவத்தையே கடனீந்தவரிடம் ஒப்படைத்து, விளைவை வட்டிக்கு ஈடாக விடுவது. மூன்றாவது, மீளப்பெறும் நிபந்தனையோடு கூடிய விற்பனை. இம்மூன்றாவது முறையே வரலாற்று மாணவன் மிகவும் கவனிக்க வேண்டியது.

இலங்கையின் பொதுச் சட்டமாகிய உரோமன் டச்சுச் சட்டம், கடன் தவறியவுடன் ஈடுவைத்த காணி தானாகவே கடனீந்தவருக்குச் சொந்தமாகும் என்ற உடன்படிக்கையை ஏற்பதில்லை. இத்தடை புதியதன்று; நான்காம் நூற்றாண்டில் உரோமப் பேரரசன் கொன்ஸ்தாந்தைன் விதித்தது. ஆகவே ஈட்டாளர் வழக்கிட்டு, தீர்ப்புப் பெற்று, பகிரங்க ஏலத்தின் மூலமே பணத்தை அறவிட வேண்டும். 1889ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் குடியியல் நடவடிக்கைக் கோவை அவ்வேலத்தின் முறையை வகுத்தது. பிஸ்கால் அலுவலர் காணியிடத்தே பறையறைந்து கைப்பற்றுதலை அறிவிப்பார். அறிவித்தலின் பிரதி அங்கும் நீதிமன்றத்திலும் ஒட்டப்படும். பெறுமதி மிக்க சொத்தாயின் வர்த்தமானியிலும் வெளிவரும். ஊரின் பிற அறிவித்தல்களுக்கு ஒலித்த பறையே கடனாளியின் படலையின் முன்னும் ஒலித்தது. அந்த ஒலியினால் விளைந்த மானக்கேட்டைத் தவிர்க்கவே பலர் ஏலத்துக்கு முன்னரே வேறு வழியைத் தேடினர் என்று கருத இடமுண்டு.

அந்த வேறு வழிதான் நிபந்தனை விற்பனை. கடனாளி காணியைக் கடனீந்தவருக்கு விற்றுவிட்டதாகவே உறுதி எழுதப்படும். இரண்டு ஆண்டுக்குள்ளோ மூன்று ஆண்டுக்குள்ளோ முதலும் வட்டியும் செலுத்தினால் மீள எழுதித் தருவதாக ஒரு நிபந்தனை சேர்க்கப்படும். தவணை கடந்தால் வழக்கில்லை, பறையில்லை, ஏலமில்லை. விற்பனை அறுதியாகிவிடும். பேரரசன் தடுத்த அதே விளைவு, வேறு பெயரில், நொத்தாரிசின் கையால் நிகழ்ந்துவிடுகின்றது. பெறுமதியின் பாதிக்கோ கால்பங்குக்கோ கடன் வாங்கியிருந்தாலும் முழு வளவும் போய்விடும். ஏலத்தில் எஞ்சும் பணமாவது கடனாளிக்குத் திரும்பும்; இங்கு அதுவும் இல்லை.

ஆகவே வர்த்தமானியின் ஏலப் பக்கங்களை மட்டும் எண்ணி, இன்ன ஆண்டில் இத்தனை வீடுகள் பறிபோயின என்று முடிவுகட்டுபவர் இழப்பின் ஒரு பகுதியையே எண்ணுகின்றார். சிறு பெறுமதிக் காணிகள் வர்த்தமானிக்கு வரமாட்டா. நிபந்தனை விற்பனைகள் எந்த அறிவித்தலிலும் வரமாட்டா. அவற்றைக் காணிப் பதிவேட்டில், ஒவ்வொரு காணிக்கும் உரிய பக்கத்தில், வரிசையாகப் பதியப்பட்ட உறுதிகளைத் தொடர்ந்து வாசித்தே கண்டறிய முடியும். ஒரு சீதன உறுதி, அதனடியில் ஓர் ஈடு, ஈட்டு விடுதலை, மீண்டும் ஓர் ஈடு, பின்பு நிபந்தனை விற்பனை, அதன்பின் மீளெழுத்து எதுவுமின்றி வேற்றூராரின் பெயரில் ஓர் அறுதி உறுதி: இத்தகைய வரிசையொன்றே ஒரு குடும்பத்தின் சரிதம். சட்ட நடையின் வறட்சிக்குள் இருப்பது அதுவே.

ஏலத்தின் உள்ளே நிகழ்ந்தவற்றையும் சிறிது நோக்க வேண்டும். அயலார் பெரும்பாலும் கேள்வி கேட்க முன்வருவதில்லை. இனத்தவனின் வீட்டை ஏலத்தில் எடுத்தவன் என்ற பழிச்சொல் ஒரு தலைமுறைக்கு நிற்கும். தீர்ப்புப் பெற்ற கடனீந்தவர் நீதிமன்றத்தின் அனுமதியோடு தாமே கேள்வி கேட்கலாம். விலையைத் தம் கடனிற் கழித்துக்கொள்ளலாம். போட்டியில்லாத ஏலத்தில் விலை தாழ்வது இயல்பே. இதனால் வீட்டையும் இழந்து மீதிக் கடனையும் சுமந்தோர் உளர். இரக்கத்தினால் ஒதுங்கிய அயலாரே விலைத் தாழ்வுக்குக் காரணராயினர் என்பது கசப்பானதாயினும் மறுக்க முடியாதது.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஏலத்துக்கு வந்தவற்றுட் பல முழு வளவுகள் அல்ல; பிரிக்கப்படாத பங்குகள். எட்டில் ஒரு பங்கை வாங்கிய ஒருவர் கூட்டுரிமையாளராகிவிடுகின்றார். பின்பு பங்கீட்டு வழக்கிடும் உரிமை அவருக்குண்டு. வீட்டை எட்டாக வெட்ட முடியாதாகையால் முழுவதையும் விற்றுப் பணத்தைப் பங்கிடுமாறு நீதிமன்றம் கட்டளையிடலாம். 1951ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டமும் 1977ஆம் ஆண்டின் சட்டமும் இவ்வழியை ஏற்றுள்ளன. ஒரு சகோதரனின் கடன் மற்ற ஏழு பங்காளர்களின் கூரையையும் அசைத்துவிடும்.

கடனீந்தவரை மட்டுமே குற்றவாளியாக நிறுத்தும் போக்கு நம் கட்டுரைகளில் உண்டு. அரசே ஒரு காலத்தில் பெரிய ஏலக்காரனாக இருந்தது என்பதை அப்போக்கு மறந்துவிடுகின்றது. தானிய வரியைப் பணமாகச் செலுத்த வேண்டும் என்ற 1878ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்கீழ், வரி நிலுவைக்காக வயல்கள் ஏலமிடப்பட்டன. 1880களில் நுவரெலியா மாவட்டத்தின் வலப்பனைப் பகுதியில் இவ்வாறு நிலமிழந்த விவசாயிகள் பட்டினியால் மாண்ட செய்தியை அரசாங்க அதிகாரியாகிய லெ மெசூரியரே வெளிப்படுத்தினார். வரி 1892ஆம் ஆண்டின் முடிவோடு நீங்கிற்று. அயல்நாட்டிலும் இதே காலத்துக்குரிய கதைகள் உள. 1875இல் தக்காணத்தின் பூனா, அகமதுநகர் மாவட்டங்களில் விவசாயிகள் வட்டிக்காரரின் கடன் பத்திரங்களைக் கொளுத்தினர். அதன் பயனாக 1879இல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் பிறந்தது.

இலங்கையில் அத்தகைய சட்டம் வர 1940கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1930களின் பொருளாதார மந்தத்தில் கொப்பரை, இறப்பர் விலைகள் வீழ்ந்தபோது ஈட்டுக் காணிகள் திரளாகக் கைமாறின. நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் பெயரே அப்போது அரசாங்க சபையில் அதிகம் ஒலித்தது. அதன் பின்னணியில் இரு சட்டங்கள் எழுந்தன. 1941ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கக் கடன் இணக்கக் கட்டளைச் சட்டம் கடனாளியையும் கடனீந்தவரையும் ஒரு சபையின் முன் அமர்த்தி இணக்கங்காண வழிசெய்தது. நிபந்தனை விற்பனைகளும் அதன் எல்லைக்குள் வந்தன. ஆனால் மீட்புத் தவணை முடிய 30 நாட்களுக்கு முன்னரேனும் விண்ணப்பித்திருக்க வேண்டும். தவணை முடியும் நாளில்தான் விழித்துக்கொள்ளும் படுவான்கரை விவசாயிக்குக் கொழும்பிலுள்ள சபை எவ்வளவு தூரம் என்பதைச் சட்டம் வகுத்தோர் எண்ணினார்களா என்பது ஐயமே.

மற்றையது இன்னும் துணிச்சலானது. 1942ஆம் ஆண்டின் 61ஆம் இலக்கக் காணி மீட்புக் கட்டளைச் சட்டம், 1929ஆம் ஆண்டு தை முதலாம் நாளுக்குப் பின் ஈட்டுத் தீர்ப்பின்பேரில் விற்கப்பட்ட, அல்லது கடனுக்காகக் கடனீந்தவருக்கே எழுதப்பட்ட காணிகளை அரசு மீளக் கொள்வனவு செய்து முன்னைய உரிமையாளருக்கு வழங்க இடமளித்தது. கடந்த காலத்துள் கையை நீட்டி இழப்பைத் திருத்த முயன்ற சட்டம் இது. எதிர்ப்பு எழாமலில்லை, லாடமுத்துப்பிள்ளை வழக்கு 1960இல் கோமறை மன்று வரை சென்றது. இச்சட்டம் மீட்க நினைத்தது விவசாயக் காணியை மட்டுமே என்பதே நம் பொருளுக்கு முக்கியமானது. தென்னந்தோட்டமும் வயலும் மீளலாம். எழுவான்கரையின் கால் ஏக்கர் வளவில் நின்ற சீதன வீடு மீளாது. வீட்டை வாழ்வின் அடிப்படையாகவன்றி வயலின் ஒட்டாகவே அன்றைய சட்டம் கண்டது.

படுவான்கரையின் பெரும்பகுதியிலும் கல்லோயாத் திட்டத்தின் குடியேற்றங்களிலும் வேறொரு நிலை உருவாயிற்று. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட காணியை நீதிமன்றத் தீர்ப்பின்பேரில் கைப்பற்றி விற்க முடியாது. கடனாளிக்கு இதைவிட வலிய கோட்டை வேறில்லை. ஆனால் பிணையாகாத காணிக்கு வங்கியும் கடன் கொடாது. விளைவு, காணி பெயரளவில் உரியவனிடமே இருக்க, எழுத்தில்லாக் குத்தகையாக ஆண்டுக்கணக்கிற் பிறர் அதைச் செய்வது. இவ்விழப்பை எந்தப் பதிவேட்டிலும் தேடிக் காண முடியாது.

1978ஆம் ஆண்டு கார்த்திகை 23ஆம் நாட் சூறாவளி, போர்க்காலம், 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை என்பன வீடுகளை மட்டுமன்றி உறுதிகளையும் அழித்தன. அவை ஒவ்வொன்றும் தனிக்கட்டுரைக்குரியன. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை தீவிரவாதச் செயல்களினால் தம் காணிக்கு உரிமை கோர முடியாதிருந்தோருக்கு எதிராக அக்காலத்தை ஆட்சியுரிமைக் காலமாகக் கணக்கிடலாகாது என்று விதித்தமை மட்டும் இங்கு குறிப்பிடத்தக்கது.

1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க, வங்கிகளினால் கடன் அறவிடல் (சிறப்பேற்பாடுகள்) சட்டம் ஈட்டு வரலாற்றில் ஒரு திருப்பம். பராட்டே எனப்படும் அதிகாரத்தை அது வங்கிகளுக்குப் பொதுவாக வழங்கியது. நீதிமன்றம் இனித் தேவையில்லை. பணிப்பாளர் சபையின் தீர்மானம் ஒன்று போதும். அத்தீர்மானம் வர்த்தமானியிலும் சிங்கள, தமிழ், ஆங்கில நாளிதழ்களிலும் வெளிவர வேண்டும். பறையின் இடத்தைப் பத்திரிகை பிடித்துக்கொண்டது. முன்பு ஒரு குறிச்சிக்குள் அடங்கிய செய்தி இன்று கடனாளியின் முழுப் பெயரோடும் முகவரியோடும் நாடெங்கும் பரவுகின்றது. 2011ஆம் ஆண்டுத் திருத்தம், முதற்றொகை 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த கடன்களை இவ்வதிகாரத்திலிருந்து விலக்கிற்று. எனவே வாவிக்கரையின் சாதாரண வீட்டுக்கடன் பராட்டேயின் பிடிக்குள் வருவதில்லை. அது பழையபடி மாவட்ட நீதிமன்றத்துக்கே செல்லும். வியாபாரக் கடனுக்காக வீட்டை ஈடுவைத்த அரிசி ஆலைக்காரரும் கடைக்காரரும்தான் இன்றைய நாளிதழ் அறிவித்தல்களில் இடம்பெறக் கூடியோர்.

2022 ஏப்பிரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. நல்ல காலத்திற் பெற்ற கடன், கெட்ட காலத்தின் வட்டியில் வந்து நின்றது. சிறு, நடுத்தர முயற்சியாளரின் முறைப்பாடுகளின் பின் பாராளுமன்றம் 2024 மே மாதத்தில் 28ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் மூலம் பராட்டே அதிகாரத்தை அவ்வாண்டு மார்கழி 15 வரை இடைநிறுத்தியது. அவ்விடைநிறுத்தம் பின்பு 2025 மார்ச் 31 வரை நீண்டது. அதற்குள் கடனை மறுசீரமைத்துக்கொள்ளுமாறு கடனாளிகள் கேட்கப்பட்டனர். 1941இன் இணக்கச் சபையைத் தோற்றுவித்த எண்ணமும் ஏறக்குறைய இதுவே.

வங்கியின் வாயிலை அணுகாத பெண்களின் கடனோ வேறு வழியிற் சென்றது. போரின் பின் நுண்கடன் நிறுவனங்கள் ஊர்தோறும் பெண்களையே நாடின. அவை வீட்டை ஈடாகக் கேட்கவில்லை. குழுவின் மற்றப் பெண்களின் பொறுப்பையே கேட்டன. ஈட்டு உறுதி இல்லை, ஆகவே பதிவேட்டில் தடயமும் இல்லை. 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களின் பெண்கள் பெற்ற, ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நிலுவைக் கடன்களை அரசு பொறுப்பேற்றபோது மட்டக்களப்பும் அப்பட்டியலில் இருந்தது. அக்கடன்களைத் தீர்க்க முன்னரே விற்கப்பட்ட வளவின் துண்டுகள் காணிப் பதிவேட்டில் விருப்ப விற்பனைகளாகவே பதியப்பட்டிருக்கும். அயலாருக்கு எழுதப்பட்ட, நியாயமான காரணம் புலப்படாத, விலை தாழ்ந்த அத்தகைய உறுதிகளைத் தனியே பிரித்தெடுத்து, விற்றவள் பெற்ற சீதன உறுதியின் ஆண்டோடும் வெள்ளமும் வறட்சியும் நேர்ந்த ஆண்டுகளோடும் ஒப்புநோக்குவதே இத்துறையில் இனிச் செய்யப்பட வேண்டிய முதல் வேலை. ஒரே ஒரு குறிச்சியை எடுத்துக்கொண்டாலும் அதற்கு ஈராண்டு உழைப்பு வேண்டும்.